பென்ஷன் சிலிப்புல எத்தனை வரிசை இருக்கு?

போன இதழ்ல “அரசாங்க பென்ஷனோட சேர்ந்து வர்ற படிகளப் பத்தி சந்தேகம் இருந்தா எழுதுங்க”ன்னு ஒத்த வரி போட்டதுக்கு இவ்வளவு கடுதாசி வரும்னு நான் நினைக்கவே இல்ல. கொப்பி தாள்ல எழுதினது, பிள்ளைங்க போன்ல டைப் பண்ணி அனுப்பினது, ஒரு மாஸ்டர் பழைய பரீட்சை வினாத்தாள் பின்பக்கத்துல எழுதினது கூட இருக்கு. பாதி கடுதாசில கேள்வி ஒண்ணுதான், “எனக்கு மட்டும் ஏன் கொறவு?” நானும் முப்பது வருசத்துக்கு மேல குமாஸ்தாவா சம்பளப் பட்டியல் எழுதிட்டு ரிட்டயர் ஆனவன்தான், அதனால பதில் சொல்ல எனக்கு ஆசைதான், ஆனா எல்லாத்துக்கும் இடம் பத்தாது, ஒரே மாதிரி வந்ததை எல்லாம் ஒண்ணா சேர்த்துட்டேன். பேர் ஊர் எல்லாம் முழுசா போடல, கோவிச்சுக்காதீங்க.

ஓய்வுபெற்ற ஆசிரியை, தலவாக்கலை: ஐயா, நான் 2017 மார்ச்சுல ரிட்டயர் ஆனேன். என்கூட ஒண்ணா ட்ரெய்னிங் முடிச்ச கூட்டாளி ஒருத்தி, அதே கிரேட், 2020 பெப்ரவரில போனா. அவளுக்கு என்னைவிட பத்தாயிரத்துக்கு மேல கூட விழுது. நான் ஏதும் பாரம் நிரப்பாம விட்டுட்டேனா? இப்ப கூட்டித் தர்றாங்கன்னு சொல்றாங்களே, அது எனக்கும் உண்டா?

டீச்சர், நீங்க ஒண்ணும் நிரப்பாம விடல. நீங்க போன திகதிதான் பிரச்சினை. 2016-ல வந்த சம்பளச் சுற்றுநிருபம் இருக்கே, 3/2016, அது புது சம்பளத்த ஒரேயடியா குடுக்கல, 2016-ல இருந்து 2020 வரைக்கும் வருசத்துக்கு ஒரு படியா ஏத்திக்கிட்டே போனாங்க. வேலைல இருந்தவங்களுக்கு அது பரவால்ல, எப்படியும் அடுத்த வருசம் அடுத்த படி. ஆனா நடுவுல ரிட்டயர் ஆனவங்களுக்கு, அன்னைக்கு கைக்கு வந்துக்கிட்டு இருந்த சம்பளத்த வச்சுத்தான் பென்ஷன் போட்டாங்க. மாடிப்படி ஏறிக்கிட்டு இருக்கும்போது ரெண்டாவது படில “போதும், இங்கயே நில்லுங்க”ன்னு சொன்ன மாதிரி. உங்க கூட்டாளி கடைசிப் படியும் ஏறிட்டுப் போனவங்க. மூணு வருசம் கூட வேலை செஞ்சதால மூணு இன்க்ரிமென்டும் அவங்களுக்கு கூட, அது நியாயமான வித்தியாசம், அதை கழிச்சுட்டுப் பாத்தா மிச்சம் இருக்கறதுதான் நாம பேசுற முரண்பாடு.

இதுல இன்னொரு வயித்தெரிச்சலும் இருக்கு. 2016-க்கு முன்னாடி போனவங்களுக்கு 2019 ஜூலைல ஒரு தடவை பென்ஷன் திருத்தி குடுத்தாங்க. உங்கள மாதிரி 2016-க்கும் 2019-க்கும் நடுவுல போனவங்க கேட்டுக்கேட்டு களைச்சுப்போனாங்க, கொழும்புல ரோட்டுல எல்லாம் நின்னாங்க.

இப்ப விசயத்துக்கு வர்றேன். 2025 பட்ஜெட்ல, 2020 ஜனவரி 1-க்கு முன்னாடி ரிட்டயர் ஆனவங்களோட பென்ஷன மூணு கட்டமா திருத்துறதா சொன்னாங்க. முதல் கட்டம் 2025 ஜூலை, 2018 சம்பள அளவுக்கு ஏத்த மாதிரி. ரெண்டாவது 2026 ஜூலை, 2019 சம்பள அளவுக்கு. மூணாவது 2027 ஜூலை, 2020 சம்பள அளவுக்கு. நீங்க 2017-ல போனதால மூணும் உங்களுக்குப் பொருந்தும். அதாவது 2025 ஜூலைல கொஞ்சமா கூடினத பாத்துட்டு “இவ்வளவுதானா”ன்னு மனசு விட்டுடாதீங்க, அது மூணுல ஒண்ணு.

இன்னொண்ணு யாரும் உங்களுக்கு சொல்லியிருக்க மாட்டாங்க. ரிட்டயர் ஆனப்ப 24 மாசத்து பென்ஷன மொத்தமா பணிக்கொடையா வாங்கினீங்க இல்லையா, அதுக்காக மாசாமாசம் கொஞ்சம் குறைச்சுத்தான் இவ்வளவு நாளும் குடுக்குறாங்க. அதைத்தான் குறைக்கப்பட்ட ஓய்வூதியம்னு சொல்றது. ரிட்டயர் ஆகி 10 வருசம் முடிஞ்சா அந்தக் குறைப்பு நிக்கணும், முழு ஓய்வூதியத்துக்கு மாத்தணும். உங்க 10 வருசம் 2027 மார்ச்சுல முடியுது. மூணாவது கட்டமும் அதே வருசம் ஜூலைல. ஆக 2027-ல உங்க சிலிப்பு ரெண்டு தடவை மாறணும், ஒரு தடவை மட்டும் மாறினா எது விட்டுப்போச்சுன்னு உங்களுக்குத் தெரியணும். தானா வரும்னு உக்காந்திருக்காம ரெண்டு மூணு மாசம் முந்தியே பிரதேச செயலகத்துல பென்ஷன் பாக்குற உத்தியோகத்தர்கிட்ட ஒரு தடவை கேட்டு வச்சுடுங்க.

அப்புறம் ஒரு சின்ன வேலை. கொப்பில நாலு கோடு போட்டு அடிப்படை ஓய்வூதியம், வாழ்க்கைச் செலவுப் படி, மத்த கொடுப்பனவு, கழிவுன்னு பிரிச்சு மாசாமாசம் எழுதுங்க. நம்ம ஆளுங்க 10-ஆம் திகதி பேங்க் மெசேஜ்ல வர்ற கூட்டுத்தொகைய மட்டும் பாத்துட்டு போனை மடில வச்சுடுறாங்க. உங்க கூட்டாளிகிட்ட ஒப்பிடணும்னாலும் அடிப்படையோட அடிப்படைய ஒப்பிடுங்க, மொத்தத்தோட மொத்தத்த இல்ல, ஏன்னா அவங்களுக்கு லோன் பிடிக்கிறாங்களா, அக்ரஹாரங்கற அரசாங்க மருத்துவக் காப்புறுதிக்கு பிடிக்கிறாங்களான்னு உங்களுக்குத் தெரியாது.

ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், நானுஓயா: அண்ணே, எனக்கு வாழ்க்கைச் செலவுப் படி 6,025 ரூபா. வேலைல இருக்கறவங்களுக்கு 17,800-ன்னு மகன் சொல்றான். நாங்க திங்கிற அரிசி மட்டும் வேற வெலையா? பெரிய உத்தியோகம் பாத்து போனவங்களுக்கும் எனக்கும் இதே காசுதானா?

அரிசி ஒரே வெலைதான் தம்பி, நீங்க கேட்டது நூத்துக்கு நூறு சரி. கணக்கு இப்படித்தான் வந்துச்சு: ரொம்ப வருசமா பென்ஷன்காரங்களுக்கு 3,525 ரூபால நின்னுக்கிட்டு இருந்துச்சு. 2024 ஏப்ரல்ல இருந்து 2,500 கூட்டினாங்க, 6,025 ஆச்சு. அதே நேரம் வேலைல இருக்கறவங்களுக்கு 7,800-ல இருந்து 17,800, அதாவது பத்தாயிரம் கூட்டினாங்க. இதுக்கு நடுவுல 2022 ஜனவரில பென்ஷன்காரங்களையும் சேர்த்து மாசம் 5,000 அறிவிச்சாங்க, 2024 செப்டம்பர் மாசத்துக்குன்னு 3,000 இடைக்காலக் கொடுப்பனவு வந்துச்சு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அரசாங்கம், ஒவ்வொரு நெருக்கடி, சில நேரம் எலக்சனும்.

படி எல்லாருக்கும் ஒண்ணுதான், செயலாளரா இருந்து போனாலும் கேட்ல கொடி காட்டிட்டு போனாலும். என்னைக் கேட்டா இந்த ஒண்ணுல மட்டும் உங்களுக்கு லாபம்தான். சதவீதக் கணக்குல குடுத்தா பெரிய பென்ஷன்காரருக்கு அள்ளிக்கிட்டுப் போகும், உங்களுக்கு டீத்தூள் வாங்கத்தான் பத்தும். ஆனா படி படிதான், அது அடிப்படை கிடையாது. அடிப்படைய திருத்துறப்ப இது கூடவே வளராது, கூட்டணும்னா தனியா அறிவிக்கணும், அறிவிக்கிற வரைக்கும் விலைவாசி காத்துக்கிட்டு இருக்காது.

வேலைல இருக்கறவங்க அடிப்படைச் சம்பளம் 2025 ஏப்ரல்ல இருந்து மறுபடி ஏறுது, ஆகக் குறைஞ்சது 24,250 இருந்தது மூணு வருசத்துல 40,000 ஆகணும்னு திட்டம். அதுவும் படிப்படியாத்தான். இன்னும் கொஞ்ச வருசத்துல தலவாக்கலை டீச்சரோட கடுதாசி வேற ஒருத்தர் கையெழுத்துல எனக்கு வரத்தான் போகுது.

கணவரை இழந்த ஒரு தாய், பொகவந்தலாவ: (மகள் எழுதியது) மாமா, அப்பா அரசாங்க ஆஸ்பத்திரில சிற்றூழியரா இருந்து பென்ஷன் எடுத்தவர். செத்து அஞ்சு மாசமாச்சு. அம்மாவுக்கு விதவைப் பென்ஷன் இன்னும் வரல. அம்மா பேர் ஐடென்டிட்டில முத்துலெட்சுமி, அப்பாவோட பைல்ல லெட்சுமி, கல்யாண சர்ட்டிபிகேட்ல லச்சிமி. கோயில்ல தாலி கட்டி அஞ்சு வருசம் கழிச்சுத்தான் பதிஞ்சாங்களாம். ஆபீஸ்ல மூணு பேரும் வேற வேற ஆளா இருக்கலாம்னு சொல்றாங்க.

அம்மாடி, முதல்ல ஒண்ணு கேக்குறேன், அப்பா செத்ததுக்குப் பிறகு அவரோட பேங்க் கார்ட்ல காசு எடுத்தீங்களா? எடுத்திருந்தா பயப்படாதீங்க, ஆனா மறைக்காதீங்க. மரணத்த பிரதேச செயலகத்துக்கு அறிவிக்கிற வரைக்கும் பென்ஷன் அந்த எக்கவுண்டுக்கு விழுந்துக்கிட்டேதான் இருக்கும், அது நம்ம காசு இல்ல, பின்னாடி திருப்பிக் கட்ட வேண்டி வரும். செத்த வீட்டு செலவுக்கு அதை எடுத்துட்டு அப்புறம் முழிச்ச குடும்பங்கள நான் நிறையப் பாத்திருக்கேன், யாரும் களவெடுக்கணும்னு எடுக்கல, கார்ட் கைல இருந்துச்சு, காசு விழுந்துச்சு, எடுத்துட்டாங்க, அவ்வளவுதான்.

இப்ப பேர் விசயம். மலையகத்துல பென்ஷன் பைல் திறந்தா முதல்ல கண்ணுல படுறதே இதுதான். அந்தக் காலத்துல தோட்டத்துல பிறப்பு பதிஞ்சவருக்கு காதுல கேட்டதுதான் எழுத்து. சிங்களத்துல எழுதி, அதை இங்கிலீஷ்ல எழுதி, திரும்ப தமிழ்ல எழுதுறப்ப லெட்சுமி லச்சிமி ஆகி லச்சமி ஆகி கடைசில யாரோ ஆகிடுவா. என்னோட அம்மா விசயத்துலயே இது நடந்துச்சு. ஒரு ஆபீஸ்ல ஒரே ஒரு எழுத்துக்காக பதினொரு மாசம் அலைய விட்டாங்க, நானே குமாஸ்தா, எனக்கே அந்த கதி. பைலத் திறந்து காட்டுன அந்தப் பொண்ணு, “இது பொம்பள பேரா ஆம்பள பேரா”ன்னு கேட்டுச்சு. நான் அம்மாவ திரும்பிப் பாத்தேன், அம்மா பக்கத்துல பெஞ்சுல உக்காந்து வெத்தல மடிச்சுக்கிட்டு இருந்தா.

செய்ய வேண்டியத சொல்றேன். சமாதான நீதவான் ஒருத்தர்கிட்ட போய் சத்தியக் கடதாசி எழுதுங்க, அதுல மூணு பேரையும் அப்படியே, ஒரு எழுத்தும் மாத்தாம எழுதி, இந்த மூணு பேர்லயும் குறிப்பிடப்படுறது நான் ஒருத்திதான்னு இருக்கணும், அடையாள அட்டை நம்பரும் இருக்கணும். கிராம சேவகர்கிட்ட இன்னாரோட மனைவி இவங்கதான், ஒரே வீட்டுல இருந்தாங்கன்னு ஒரு கடிதம். கல்யாண சர்ட்டிபிகேட் போட்டோ கொப்பி பத்தாது, பதிவாளர் பகுதில சான்றுப்படுத்தின பிரதி எடுங்க. அம்மாவுக்கு பிறப்பு சர்ட்டிபிகேட் இல்லேன்னா உத்தேச வயதுச் சான்றிதழ். அப்பாவோட மரணச் சான்றிதழ்ல மனைவி பேர் எப்படி இருக்குன்னும் பாருங்க, நாலாவதா ஒரு பேர் அங்க இருந்தா அதையும் சத்தியக் கடதாசில சேர்த்துடுங்க, இல்லாட்டி திரும்ப முதல்ல இருந்து.

அப்பாவுக்கு விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய நம்பர்னு ஒண்ணு இருக்கும், சம்பளத்துல மாசாமாசம் அதுக்கு பிடிச்சிருப்பாங்க. பழைய சம்பளச் சிலிப்பு ஒண்ணு கிடைச்சா அதுலயே இருக்கும், தகரப் பெட்டி, சாமிப்படத்துக்குப் பின்னாடி எல்லாம் தேடுங்க. அந்தப் பிடிப்புதான் உங்க அம்மாவோட உரிமை, யாரும் இரக்கப்பட்டு குடுக்கற காசு இல்ல இது. அதனால கவுண்டர்ல கும்பிட்டுக்கிட்டு நிக்க வேண்டாம், உக்காந்து கேளுங்க. தமிழ்லயே கேளுங்க. அம்பகமுவ, நுவரெலியா ரெண்டுமே இருமொழிப் பிரதேச செயலகப் பிரிவுன்னு வர்த்தமானில வந்து எத்தனையோ வருசமாச்சு. குடுக்குற ஒவ்வொரு பேப்பருக்கும் ஒரு கொப்பில திகதி போட்டு கையெழுத்து வாங்கிக்குங்க. ரெண்டு மாசமா அசையலேன்னா ஓய்வூதியத் திணைக்களத்துக்கு 1970-க்கு ஒரு கோல் எடுங்க. கொழும்பு மாளிகாவத்தைல இருக்கற திணைக்களத்துக்கு அம்மாவ கூட்டிக்கிட்டு ராத்திரி பஸ் ஏறுறது கடைசி வழி, அதுக்கு முன்னாடி இங்கயே முடிக்கப் பாருங்க.

தோட்ட மேற்பார்வையாளர், பதுளை: என் மனைவி டீச்சர், சர்வீஸ்ல இருக்கும்போதே காலமாகிட்டாங்க. விதவைப் பென்ஷன்னுதானே பேரு, ஆம்பளைக்கு எப்படி குடுப்பாங்கன்னு சொந்தக்காரங்க சிரிக்கிறாங்க.

சிரிக்கிறவங்களுக்கு 1983-ஆம் ஆண்டின் 24-ஆம் இலக்கச் சட்டத்த காட்டுங்க. தபுதாரர் அநாதைகள் ஓய்வூதியம்னே அதுக்குப் பேரு, தபுதாரர்னா மனைவிய இழந்தவர். மனைவியோட சம்பளத்துல அதுக்காகப் பிடிச்சிருப்பாங்க, வலயக் கல்வி அலுவலகத்துல அவங்களோட சுயவிவரக் கோவைய வச்சு விண்ணப்பிக்கணும். சின்னப் பிள்ளைங்க இருந்தா அவங்க பிறப்பு சர்ட்டிபிகேட்டும் கொண்டு போங்க. வெக்கப்பட்டு போகாம விட்ட ரெண்டு மூணு பேர எனக்குத் தெரியும்.

இளைஞர், மஸ்கெலியா பக்கம்: அங்கிள், எங்க அப்பா அரசாங்கத் தோட்டத்துல 32 வருசம் வேலை. 2024 டிசம்பர்ல 60 வயசோட நின்னாரு. அரசாங்கத் தோட்டம்னா அரசாங்க வேலைதானே, அப்ப பென்ஷனும் அந்தப் படியும் அவருக்கும் வரணும்தானே? வீட்டுல அப்பாயியும் இருக்காங்க, வயசு 80 தாண்டிடுச்சு.

தம்பி, இந்தக் கேள்விக்கு பதில் எழுத எனக்கே கஷ்டமா இருக்கு. இல்ல, வராது. 1972-லயும் 1975-லயும் காணிச் சீர்திருத்தத்துல தோட்டங்கள அரசாங்கம் எடுத்துச்சு, எடுத்ததை ஜனவசம, பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம்னு ரெண்டு நிறுவனத்துக்கிட்ட குடுத்துச்சு. 1992-ல பெரும்பாலான தோட்டங்கள கம்பெனிகளுக்கு மாத்தினாங்க, கொஞ்சம் அரசாங்கத்துக்கிட்டயே நின்னுச்சு. காணி அரசாங்கத்துது, தொரைக்கு சம்பளம் குடுக்கறதும் அரசாங்க நிறுவனம், ஆனா கொழுந்து எடுக்கறவங்க, கவ்வாத்து வெட்டுறவங்க யாரும் ஓய்வூதியம் உள்ள அரச சேவைல இல்ல. கச்சேரில, அதான் மாவட்ட செயலகத்துல, பியோன் வேலை பாத்தவருக்கு பென்ஷன், கச்சேரிக்கு தேத்தண்ணி போட இலை குடுத்தவருக்கு இல்ல. சட்டம் அப்படித்தான் இருக்கு, அது நியாயம்னு நான் சொல்லல.

ஆனா அப்பாவுக்கு வர வேண்டியது வேற மூணு இருக்கு, அதை விடாதீங்க. முதலாவது ஊழியர் சேமலாப நிதி, அதுக்கான பதிவு அட்டை, பீ கார்ட்னு சொல்றது, எங்கன்னு பாருங்க, அங்கயும் பேர் பிரச்சினை வரும், மேல பொகவந்தலாவ பிள்ளைக்கு எழுதினத படிங்க. சேமலாப நிதி தனி, ஊழியர் நம்பிக்கை நிதியம் தனி, அதுக்கு வேற விண்ணப்பம், நிறையப் பேர் முதலாவத எடுத்துட்டு ரெண்டாவத மறந்துடுறாங்க. மூணாவது பணிக்கொடை. 1983-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கச் சட்டப்படி, நாட் சம்பளக்காரருக்கு வேலை செஞ்ச ஒவ்வொரு வருசத்துக்கும் 14 நாள் சம்பளம், அதுவும் கடைசியா வாங்கின சம்பளத்த வச்சு. அப்பா 2024 டிசம்பர்ல நின்னப்ப நாட் சம்பளம் 1,350. 14 நாளைக்கு 18,900. அதை 32-ஆல பெருக்கினா 6 லட்சத்து 4,800 ரூபா. இதுதான் கணக்கு, எழுதி வச்சுக்குங்க. வேலை முடிஞ்சு 30 நாளுக்குள்ள குடுக்கணும், தாமதிச்சா மேலதிகமா சேர்த்துக் குடுக்கணும்னும் அதே சட்டத்துல இருக்கு. “காசு வந்தா தர்றோம்”னு தோட்ட ஆபீஸ்ல வாயால சொன்னா கேட்டுக்கிட்டு வராதீங்க, எழுத்துல கேளுங்க, பதில் வரலேன்னா தொழில் அலுவலகத்துல முறைப்பாடு. சங்கத் தலைவர்கிட்ட சொன்னா போதும்னு நினைக்காதீங்க, தலைவரையும் கூட்டிக்கிட்டுப் போங்க, ஆனா பேப்பர் உங்க கைல இருக்கணும்.

காசு கைக்கு வந்ததும் த்ரீவீல் எடுக்கலாம்னு உங்களுக்கு ஒரு யோசனை இருக்கும், இல்லேன்னு சொல்லாதீங்க. அப்பாவுக்கு 60 தாண்டிடுச்சு. சிரேஷ்ட பிரஜைகளுக்கு ஒரு வருச நிலையான வைப்புல 10 லட்சம் வரைக்கும் சாதாரண வட்டிக்கு மேல 3 வீதம் கூட குடுக்கற திட்டம் 2025 ஜூலைல இருந்து இருக்கு, பேங்க்ல அதைக் கேட்டு அப்பா பேர்லயே போடுங்க. வட்டில 10 வீதம் வரி பிடிப்பாங்க, வருச வருமானம் 18 லட்சத்துக்கு கொறவுன்னு ஒரு பிரகடனம் நிரப்பிக் குடுத்தா பிடிக்க மாட்டாங்க. பேங்க்ல அவங்களா அந்தப் பாரத்த எடுத்து நீட்ட மாட்டாங்க, நீங்க கேக்கணும்.

அப்பாயிக்கு, 70 தாண்டின குறைஞ்ச வருமானக்காரங்களுக்கான முதியோர் கொடுப்பனவு இருக்கு, 2025 பட்ஜெட்ல 3,000-ல இருந்து 5,000 ஆக்கினாங்க. எடுக்குறாங்களான்னு பாருங்க, எடுக்கலேன்னா கிராம சேவகர்கிட்ட நாளைக்கே போங்க.

ஓய்வுபெற்ற அதிபர், ஹட்டன்: மகள்கூட திருச்சில ஆறு மாசம் இருக்கப் போறேன். ஜனவரில உயிர்வாழ் சான்றிதழ் குடுக்கணுமே, திரும்பி வரணுமா?

வர வேண்டாம் சேர். சென்னைல நம்ம துணை உயர்ஸ்தானிகராலயம் இருக்கு, கடவுச்சீட்டோட நேர்ல போய் அங்க உறுதிப்படுத்தி உங்க பிரதேச செயலகத்துக்கு அனுப்பலாம். போறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஆபீஸ்ல சொல்லிட்டுப் போனா நல்லது. மார்ச் முடியறதுக்குள்ள போய்ச் சேரலேன்னா பென்ஷன் நிக்கும், பிறகு நீங்க உயிரோட இருக்கீங்கன்னு நிரூபிக்க உயிரோட வந்து நிக்கணும். அங்க இருக்கும்போது யாராவது போன்ல “உங்களுக்கு பென்ஷன் நிலுவை வந்திருக்கு, போனுக்கு வந்த நம்பர சொல்லுங்க”ன்னு கேட்டா கட் பண்ணுங்க, நிலுவை வந்தா அது எக்கவுண்டுக்குத்தான் வரும், போன்ல வராது.

ரயில்ல இலவசமா போற வாரண்ட் பத்தி கேட்ட பண்டாரவளை மாஸ்டருக்கு அடுத்த இதழ்ல எழுதுறேன்.